ஒரு சிரட்டைச் சில்லும் ஒரு பாலிசியும்

(நீண்ட பதிவு. வீட்டிலிருந்தபடி இணையவழி விற்பனை செய்வோர் உங்கள் குடும்பத்தில் இருந்தால் அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.)

சென்ற ஆண்டு பங்குனியில் ஒரு மாலை, அக்காவின் கைப்பேசிக்குச் சென்னையிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. பேசியவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. எங்களிடம் வாங்கிய கருப்பட்டியில் ஒரு துண்டை வாயிலிட்டுக் கடித்தபோது உள்ளே ஏதோ கடினமாகத் தட்டுப்பட்டதென்றும், பழைய பல்லடைப்பு பெயர்ந்து பல்லின் ஓரமும் உடைந்துவிட்டதென்றும் சொன்னார். படமும் அனுப்பினார். நகக்கண் அளவுள்ள சிரட்டைச் சில்லு. காய்ச்சிய பாகைச் சிரட்டையில் ஊற்றி ஆறவைத்துத் தட்டி எடுக்கும்போது விளிம்பு உடைந்து உள்ளே பதிந்திருக்கிறது. அவர் கத்தவில்லை, ஏசவுமில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “இதற்கு யாரம்மா பொறுப்பு?”

அக்கா “நான்தான் அம்மா” என்றாள். கைப்பேசியை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, “பொறுப்புண்ணு சொல்லியாச்சு. இனி என்ன செய்யணும் பிள்ளே?” என்று கேட்டாள். நான் படித்தது மொழியியல். பொறுப்பு என்ற சொல்லின் வேரைச் சொல்லத் தெரியும். அதை ஏற்றபின் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ளப் பிடித்த நான்கு மாதங்களின் கதைதான் இந்தப் பதிவு.

எங்கள் ஊரைப் பற்றி முதலில் சொல்லவேண்டும். பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே பேருந்தில் சில நிமிடங்களே. ஆனால் 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது, நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. கல்யாணமும் சாவும் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக நடக்கும் குடும்பங்கள் எங்களுடையவை. வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், சந்தையில் எது முதலில் வாயில் வருகிறதோ அது.

அக்காவின் கடையும் அப்படித்தான். பாலராமபுரம் கைத்தறி வேட்டிகளும், விளவங்கோட்டுப் பக்கத்துக் கருப்பட்டியும் அதன் சரக்கு. பாலராமபுரத்தின் நெசவாளர்கள் பாலராம வர்மா ஆட்சியில், உம்மிணித் தம்பி தளவாயாக இருந்த காலத்தில், தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்தப்பட்ட சாலியர்களின் வழிவந்தவர்கள். கருப்பட்டி தருவது எல்லைக்கு அப்பால் வாழும் ஒரு முதிய தம்பதி. பெரியவர் பனையேறுகிறார், அம்மை அக்கானியைக் காய்ச்சுகிறார். (பதநீரை நாங்கள் அக்கானி என்போம்.) இரண்டு குடும்பத்துக்கும் மூன்று தலைமுறைப் பழக்கம். அக்கா அதை வாங்கி வந்து, எடைபோட்டு, பொட்டலமிட்டு, கடையின் பெயர் அச்சிட்ட ஒட்டுச்சீட்டை ஒட்டி அனுப்புகிறாள். ஆண்டு விற்பனை எட்டு லட்சத்தைத் தொட்டிருந்தது.

எல்லையில் கடை நடத்துவதன் வேடிக்கை ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பாறசாலையிலிருந்து காசர்கோட்டுக்கு அனுப்பினால் அது மாநிலத்துக்குள் நடக்கும் விற்பனை. களியக்காவிளைக்கு அனுப்பினால் மாநிலம் கடந்த விற்பனை. வரி விதிக்கத்தக்க சரக்கை மாநிலம் கடந்து விற்பவர் விற்றுமுதல் எவ்வளவு குறைவாயினும் ஜிஎஸ்டி பதிவு பெறவேண்டும் என்பது பொதுவிதி. ஆகவே பதிவு இருந்தது. உணவுப் பாதுகாப்புத் துறையின் பதினான்கு இலக்கப் பதிவெண்ணும் சீட்டில் இருந்தது. இவை இருந்தால் எல்லாம் இருக்கிறது என்று நினைத்திருந்தோம்.

அன்றிரவு நான் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தை முதன்முறையாக முழுதும் வாசித்தேன். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த அச்சட்டத்தின் ஆறாம் அத்தியாயம் முழுவதும் ‘பிராடக்ட் லயபிலிட்டி’ பற்றியது. குறையுள்ள பொருளால் ஒருவருக்குத் தீங்கு நேர்ந்தால் அதைச் செய்தவரும் விற்றவரும் எந்தெந்தச் சூழலில் ஈடு தரவேண்டும் என்று 82 முதல் 87 வரையிலான பிரிவுகள் சொல்கின்றன. வெறுமனே வாங்கி விற்பவருக்குச் சில தற்காப்புகள் உண்டு. ஆனால் பொட்டலமிடுதலிலும் முகப்புச் சீட்டிலும் கணிசமான கட்டுப்பாடு அவர் கையில் இருந்தால் அவரும் பொறுப்பாளியே.

அதைவிட என்னை நிறுத்தியது இரண்டாம் பிரிவின் 36ஆம் வரையறை. ‘உற்பத்தியாளர்’ என்பதற்குள் யார் யார் அடங்குவர் என்ற பட்டியலில், பிறர் செய்த பொருளின்மீது தன் அடையாளத்தை இடுபவரும் இருக்கிறார். அதாவது, அந்தச் சிறிய ஒட்டுச்சீட்டை ஒட்டிய கணத்தில் அக்கா சட்டத்தின் கண்ணில் உற்பத்தியாளர் ஆகிவிட்டாள். பனையை அவள் தொட்டதில்லை, பாகைக் கிண்டியதுமில்லை. பெயர்தான் வைத்தாள். சில சொற்கள் செய்தி தெரிவிப்பதோடு நில்லாமல் செயலே ஆகிவிடுகின்றன என்று ஜே. எல். ஆஸ்டின் சொன்னதை முதுகலையில் தேர்வுக்காகப் படித்தேன். அதற்கு எடுத்துக்காட்டு எங்கள் வீட்டு மேசையில் கிடந்தது.

இன்னொரு செய்தியும் தூக்கத்தைக் கெடுத்தது. இந்தச் சட்டப்படி நுகர்வோர் தாம் வசிக்கும் ஊரிலேயே முறையீடு செய்யலாம். பொருளுக்குத் தந்த விலை ஐந்து லட்சம் வரை இருந்தால் மாவட்ட ஆணையத்தில் கட்டணமும் இல்லை. நுகர்வோர் என்ற முறையில் நான் இதை வரவேற்பேன். விற்பவரின் தங்கை என்ற முறையில் கணக்குப் போட்டேன்: சென்னைக்கு எத்தனை முறை போகவேண்டியிருக்கும், வழக்குரைஞருக்கு எவ்வளவு, பல் போய் வேறு ஏதாவது நேர்ந்திருந்தால் எவ்வளவு? கடை அக்காவின் பெயரில் நடக்கும் தனிநபர் நிறுவனம். அதன் கடன் அவளுடைய கடன். பன்னிரண்டு சென்ட் நிலமும் அம்மா இருக்கும் வீடும் அவள் பெயரில்தான் இருக்கின்றன.

மறுநாள் காப்பீடு தேடத் தொடங்கினோம்.

முதலில் நெய்யாற்றின்கரையில் எங்களுக்குத் தெரிந்த முகவரிடம் போனோம். நல்ல மனிதர். கடைக்காரர்களுக்கான தொகுப்புப் பாலிசியை எடுத்து நீட்டினார். தீ, திருட்டு, பணப்பெட்டி, கண்ணாடி, அதோடு ‘பப்ளிக் லயபிலிட்டி’யும் உண்டு என்றார். வாசித்துப் பார்த்தேன். கடைக்குள் வந்த வாடிக்கையாளர் வழுக்கி விழுந்தால் அது ஈடு தரும். எங்கள் கடைக்குள் வாடிக்கையாளர் வருவதேயில்லையே! எங்கள் சரக்குதான் அவர்கள் வீட்டுக்குள் போகிறது. இணையவழிக் கடைக்கு வரும் ஆபத்து வாசலைத் தாண்டிப் போனபின் வருவது. அந்தப் பாலிசி வாசலோடு நின்றுவிடுகிறது.

இரண்டாமவர் இன்னும் உறுதியாக, “அதற்குச் சட்டமே இருக்கிறது” என்று 1991ஆம் ஆண்டின் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டத்தைச் சொன்னார். அது போபால் பேரழிவுக்குப் பின் வந்தது. அபாயகரமான வேதிப்பொருள்களைக் கையாளும் தொழிற்சாலைகள் சுற்றுப்புறத்து மக்களுக்காகக் கட்டாயம் எடுக்கவேண்டிய காப்பீடு அது. கருப்பட்டிக்கும் அதற்கும் தொடர்பில்லை. ‘பப்ளிக்’, ‘பிராடக்ட்’ என்ற இரு சொற்களின் ஒலி நெருக்கம் எத்தனை குடும்பங்களைத் தவறான பாலிசியில் கொண்டுபோய் நிறுத்தியிருக்குமோ!

மூன்று நிறுவனங்களுக்குத் தொலைபேசியில் பேசினோம். விற்றுமுதலைக் கேட்டதும் குரல் மாறியது. எங்களிடமிருந்து வரும் பிரீமியம் சிறிது, எங்கள் படிவத்தை ஆராயும் உழைப்போ பெரிய ஆலைக்கு ஆகும் அதே உழைப்பு. “திரும்ப அழைக்கிறோம்” என்றார்கள். அழைக்கவில்லை. அமெரிக்காவில் பெரிய இணையச் சந்தைகள் ஓரளவுக்கு மேல் விற்கும் வணிகரிடம் இத்தகைய காப்பீட்டைக் கட்டாயமாகக் கேட்கின்றன. எங்களிடம் யாரும் கேட்கவில்லை. கேட்காததால் அது தேவையில்லை என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

இதற்கிடையே முதல் முகவர் ஒரு வழி சொன்னார். சீட்டில் கடையின் பெயரை எடுத்துவிட்டு, காய்ச்சுகிறவரின் பெயரையும் முகவரியையும் அச்சிட்டுவிடுங்கள். உற்பத்தியாளர் அவர், நீங்கள் வெறும் விற்பனையாளர். வழக்கு வந்தால் அங்கே போகட்டும். சட்டத்தை வாசித்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அந்த யோசனையில் பாதி உண்மை இருந்தது. நான் தயங்கினேன், இல்லையென்று சொல்லமாட்டேன். அம்மா இருக்கும் வீடு என் கண்முன் நின்றது.

அக்கா தயங்கவில்லை. “அவிய பேரைப் போட்டு அவியளக் காட்டிக் குடுக்கியதுக்கா நான் கடை தொடங்கினேன்?” என்றாள். பெரியவருக்கு எழுபதைத் தாண்டியும் பனையேறுகிறார். விழுந்தால் அவருக்கே ஈடு தர ஆளில்லை. அவர் தலையில் சென்னை வழக்கொன்றையும் ஏற்றிவைக்கவா?

இவ்விடத்தில் ஒரு சொல்லாராய்ச்சிக்கு இடம் தாருங்கள். ‘லயபிலிட்டி’ என்பதற்கு மலையாளத்தில் வழங்கும் சொல் ‘பாத்யத’. கடன், சுமை, தட்டிக்கழிக்க முடியாத கடமை என்பன அதன் பொருள். அதே சொல் தமிழில் ‘பாத்தியதை’ என்று வழங்குகிறது. ஆனால் நமக்கு அது உரிமை. ‘இந்தச் சொத்தில் எனக்குப் பாத்தியதை உண்டு’ என்றால் பங்கு உண்டு என்று பொருள். ‘அவகாசம்’ என்ற சொல்லும் இவ்வாறே: தமிழில் காலம், வாய்ப்பு, மலையாளத்தில் உரிமை. ஆக ஒரே வீட்டில், ஒரே சொல்லால், இங்கே கடனும் அங்கே உரிமையும் குறிக்கப்படுகின்றன. ஆங்கிலச் சொல்லின் வேர் ‘கட்டப்படுதல்’. தமிழில் ‘பொறுப்பு’ என்பது ‘பொறு’ என்னும் வினையிலிருந்து வருவது. சுமத்தல், தாங்குதல், மன்னித்தல் மூன்றும் அதில் உண்டு. அக்கா அன்று சொன்ன ‘நான்தான்’ என்பதில் எந்தப் பொருள் இருந்ததென்று யோசித்துக்கொண்டேயிருந்தேன்.

இந்தச் சட்டத்துறையின் பிறப்பும் ஒரு கடையில்தான் நடந்தது. 1928 ஆகஸ்டில் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரத்து உணவகம் ஒன்றில் மே டொனஹியூ என்ற பெண் இஞ்சிப் பானம் அருந்தினார். ஒளிபுகாத புட்டியின் அடியில் அழுகிய நத்தை இருந்ததென்றும் அதனால் நோயுற்றதாகவும் வழக்குத் தொடுத்தார். பானத்தை வாங்கித் தந்தது அவருடைய தோழி. ஆகவே அவருக்கும் தயாரித்தவருக்கும் இடையே எந்த ஒப்பந்தமும் இல்லை. 1932இல் பிரபுக்கள் அவை, ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் தயாரிப்பாளருக்குக் கடமை உண்டு என்று தீர்ப்பளித்தது. என் செயலால் பாதிக்கப்படுவார் என்று நான் நினைத்துப் பார்த்திருக்கவேண்டிய எவரும் என் அயலவரே என்பது அட்கின் பிரபு வகுத்த நெறி. அயல் என்பது தூரத்தைப் பொறுத்ததன்று. கூரியர் போகும் இடமெல்லாம் அயல்தான்.

ஆடி மாதத்தில்தான் ஒரு பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனத்தின் கிளையில், படிவத்தைப் பொறுமையாக விளக்கிய ஓர் அலுவலரைச் சந்தித்தோம். படிவத்தில் ஒரு கேள்வி: இதுவரை உங்கள் பொருள்பற்றிப் புகாரோ இழப்பீட்டுக் கோரிக்கையோ வந்ததுண்டா? எங்களோடு வந்திருந்த முகவர் மெல்ல, “மோளே, அதொந்நும் எழுதண்ட” என்றார். எழுதினால் பிரீமியம் கூடும், மறுக்கவும் கூடும். ஆனால் காப்பீட்டு ஒப்பந்தத்தின் அடித்தளமே முழுமையான நன்னம்பிக்கை. தெரிந்ததை மறைத்தால் பின்னாளில் அதையே காரணமாக்கி நிறுவனம் கைவிரிக்கலாம். பணம் கட்டியும் காப்பு இல்லாத நிலை அது. அக்கா சில்லின் அளவு முதல் பல்லின் படம் வரை எல்லாவற்றையும் எழுதினாள்.

அலுவலர் அதை வாசித்துவிட்டு, “இனி இப்படி வராதிருக்க என்ன செய்தீர்கள்?” என்று கேட்டார். நல்ல வேளையாக எங்களிடம் விடை இருந்தது. சிரட்டைக்குப் பதில் துருப்பிடிக்காத எஃகு அச்சு வாங்கிக் கொடுத்திருந்தோம். பாகை வடிகட்ட இரட்டை வலை. எந்த நாள் காய்ச்சியது எந்தப் பொட்டலத்தில் போனது என்று குறிக்க ஒரு நோட்டுப் புத்தகம். அம்மைக்கு அச்சுப் பிடிக்கவில்லை. சிரட்டையில் ஊற்றினால்தான் கருப்பட்டிக்குக் கருப்பட்டியின் முகம் வரும் என்று இன்றும் முணுமுணுக்கிறார். அவர் சொல்வதும் சரிதான்.

பாலிசி கிடைத்தது. ஒரு விபத்துக்குப் பத்து லட்சம், ஓராண்டு முழுவதற்கும் பத்து லட்சம். 18 விழுக்காடு வரியும் சேர்த்து 5,900 ரூபாய். கையெழுத்திடுமுன் ஒவ்வொரு பிரிவையும் ஆய்வேட்டுக்குக் குறிப்பெடுப்பதுபோல் வாசித்தேன். அதில் கண்டவற்றை உங்களுக்காகச் சொல்கிறேன்.

அது ‘கோரிக்கை’ அடிப்படையிலான பாலிசி. தீங்கு பாலிசியில் குறித்த பின்னோக்குத் தேதிக்குப் பிறகு நடந்திருக்கவேண்டும், கோரிக்கை பாலிசிக் காலத்துக்குள் வந்திருக்கவேண்டும். முதல் பாலிசியின் தொடக்க நாளே பெரும்பாலும் பின்னோக்குத் தேதி. ஓராண்டு புதுப்பிக்கத் தவறினால் அந்தத் தேதியை இழந்துவிடுவோம். கெட்ட சரக்கை மாற்றித்தரும் செலவையும், சந்தையிலிருந்து திரும்பப்பெறும் செலவையும் அது தராது. சரக்கு பிறருக்குச் செய்த தீங்குக்கு மட்டுமே ஈடு. ஒவ்வொரு கோரிக்கையிலும் முதல் ஒரு தொகையை நாமே ஏற்கவேண்டும். வழக்குச் செலவும் அந்தப் பத்து லட்சத்துக்குள்ளேயே அடங்கும். எல்லைப் பரப்பு இந்தியா மட்டும். தோஹாவிலிருக்கும் மச்சானுக்கு அனுப்பும் பெட்டிக்கு இந்தக் காப்பு இல்லை. அமெரிக்காவும் கனடாவும் உலகளாவிய பாலிசிகளிலேயே பெரும்பாலும் விலக்கப்படுகின்றன.

கடைசியில் ஒரு பிரிவு இருந்தது. நிறுவனம் எங்களுக்காக ஈடு செலுத்திய பின், எங்கள் இடத்தில் நின்று, குறைக்குக் காரணமான வேறு எவரிடமிருந்தும் அத்தொகையை வசூலிக்கலாம். ‘சப்ரொகேஷன்’ என்பார்கள். வாசித்ததும் கை நின்றுவிட்டது. வேறு எவர்? பனையேறும் பெரியவரும் அம்மையும்தான். எங்கள் பெயரைச் சீட்டில் போட்டு அவர்களைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்திருந்தோம். நாங்கள் எடுத்த காப்பீடே ஒருநாள் அவர்கள் வாசலில் போய் நிற்கக்கூடும்.

அலுவலரிடம் சொன்னோம். “இதைக் கேட்ட முதல் ஆள் நீங்கள்” என்றார். காய்ச்சுபவர்களின் பெயரையும் காப்பீடு பெற்றோராகச் சேர்த்து ஒரு மேலொப்பம் தர வழியுண்டென்று மேலிடத்துக்கு எழுதினார். மூன்று வாரம் ஆயிற்று. வந்தது.

சென்னை ஆசிரியைக்கு அந்தப் பாலிசியிலிருந்து ஒரு ரூபாயும் போகவில்லை. போகவும் முடியாது, தீங்கு அதற்கு முன்பே நடந்துவிட்டது. பல் மருத்துவர் சீட்டில் இருந்த 6,500 ரூபாயை அக்கா வைகாசியிலேயே தன் கையிலிருந்து அனுப்பிவிட்டாள். அவர் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. ஆவணியில் மீண்டும் இரண்டு கிலோ கேட்டு எழுதியிருந்தார். கூடவே, “சில்லு இல்லாததாக” என்று ஒரு வரி.

காப்பீடு தேடும் நண்பர்களுக்குச் சில சொற்கள். ‘பப்ளிக்’கா ‘பிராடக்ட்’டா என்று முதலில் கேளுங்கள். சீட்டில் உங்கள் பெயர் இருந்தால் உங்களை உற்பத்தியாளராகவே கருதிப் படிவத்தை நிரப்புங்கள். இணையவழி விற்பவர் குறைதீர்ப்பாளர் ஒருவரை நியமித்து, புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் அதைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்கவேண்டும் என்பது 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதி. எங்கள் கடையில் அந்தப் பதவி எனக்கு, சம்பளமில்லை. நிறுவனம் நியாயமின்றிக் கைவிரித்தால் காப்பீட்டுக் குறைதீர் ஆணையரிடம் போகலாம். குறுந்தொழில்களுக்கும் தனிநபர் நிறுவனங்களுக்கும் அந்த வழி திறந்திருக்கிறது. கேரளத்தவருக்கு அது கொச்சியில் இருக்கிறது, எல்லைக்கு அப்பால் இருப்பவர்களுக்குச் சென்னையில்.

எல்லாவற்றுக்கும் மேலாக, உங்களுக்குப் பின்னால் நிற்கும் ஆளை மறக்காதீர்கள். தறியில் இருப்பவர், அடுப்படியில் இருப்பவர், மரத்தில் இருப்பவர். அவர்களுடைய பெயர் பாலிசியில் எந்தப் பக்கத்தில் இருக்கிறதென்று பாருங்கள்.

மேலொப்பத்தில் கையெழுத்து வாங்க நான்தான் போனேன். அம்மை தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எங்க பேரு என்னத்துக்கு மக்ளே இதில?” என்றார்.

“உங்களுக்கு இதில பாத்தியதை உண்டுண்ணு எழுதியிருக்கு, அம்மை.”

அவர் சற்று நேரம் என்னைப் பார்த்தார். இரண்டு மொழியும் அவருக்கும் தெரியும். “எந்தப் பாத்தியதை?” என்று கேட்டார்.

“நம்ம பாத்தியதை” என்றேன். கையெழுத்திட்டார்.